மாடி அறைக்காரர்

மார்ச் 4, சனி

இந்த டயரி குணத்தினுடையது. லண்டனில் எங்கள் தமிழ்க் கடையில் வருடத் தொடக்கத்தில் சும்மா கொடுத்தது. பெப்ரவரி எட்டு வரைக்கும் அவருடைய எழுத்து இருக்கிறது. மருந்து எடுக்க வேண்டும், கவுன்சிலுக்குக் கடிதம், சில நாட்களில் வெறும் நேரம் மட்டும்: 5.40, 6.15. ஒன்பதாம் திகதி அவர் செத்துப்போனார். பெற்றோல் ஸ்டேசனில், வேலை செய்துகொண்டிருக்கும்போது, இருதயம். அதற்குப் பிறகு தாள்கள் வெறுமையாக இருக்கின்றன. எறிய மனமில்லை. எழுதுகிறேன்.

இன்று இரண்டு தடவை உடுப்புத் தோய்த்தேன். அவருடைய போனைச் சார்ஜில் போட்டேன். கத்தரிக்காய் வாங்கினேன். சமைக்கவில்லை.

மார்ச் 6, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூற்று எண்பது பிள்ளைகளுக்குப் பாஸ்தா. மேற்பார்வைக்காரி என் தோளில் கை வைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, கஸ்டர்ட் அடிப்பிடிக்கப் போகிறது என்றாள்.

மார்ச் 8, புதன்

பின்னேரம் குணத்தின் போன் அடித்தது. எடுத்தேன்.

"குணா?" என்றது ஒரு பெண் குரல். ஆங்கிலம், ஆனால் இங்கத்தைய ஆங்கிலம் இல்லை.

அவர் இறந்துவிட்டார், நான் மனைவி என்றேன். இந்த வசனத்தை இந்த ஒரு மாதத்தில் வங்கி, மின்சாரம், பல் வைத்தியர் என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. மற்றவர்கள் எல்லோரும் "வருந்துகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கணக்கு இலக்கம் கேட்டார்கள். இந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. அழுதாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அடுப்பில் சோறு.

அவள் பெயர் நூலா. படப்பிடிப்பில் உதவி இயக்குநராம். குணம் அவர்களுடைய படத்தில் நடித்துக்கொண்டிருந்தாராம்.

தவறான ஆள் என்றேன். அவள் அவருடைய பிறந்த திகதியைச் சொன்னாள்.

மார்ச் 11, சனி

அந்தியேட்டி. முப்பத்தோராம் நாள். ஐயர் வந்து, எல்லாம் நடந்தது. நாற்பது பேர் சாப்பிட்டார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு என்பதால் கோயில் மண்டபத்திலேயே வைத்தோம்.

சிவநேசன் வரவில்லை. குணத்தின் தம்பி. நான் சொல்லவில்லை, அவர் வரவில்லை. எரியூட்டும் அன்று மட்டும் கடைசி வரிசையில் நின்றதைக் கண்டேன். இணையத்தில் மரண அறிவித்தல் பார்த்திருப்பார். அண்ணனும் தம்பியும் பதினொரு வருடமாகப் பேசுவதில்லை. அது அவர்களுடைய விஷயம்.

மீந்த வடையை அண்டைவீட்டுக்குக் கொடுத்தேன்.

மார்ச் 12, ஞாயிறு

நூலா வீட்டுக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும், செம்பட்டை முடி, தான் சுட்ட பாண் ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தாள். சப்பாத்தைக் கழற்ற வேண்டுமா என்று அவளாகவே கேட்டாள். குணம் சொல்லியிருந்தாராம், தமிழர் வீட்டுக்குப் போனால் கழற்ற வேண்டும் என்று.

இரண்டு வருடமாக அவர் துணைநடிகராகப் போய் வந்திருக்கிறார். கூட்டத்தில் நிற்கிற வேலை. அவள் ஒரு பட்டியல் வாசித்தாள்: ஆஸ்பத்திரி நடையில் டொக்டர், மூலைக்கடைக்காரர், டாக்சிக்காரர், ரயிலில் பையோடு இருக்கும் ஆள். "அந்தப் பையைக் கமரா நாலு தடவை காட்டும். கடைசியில் அதற்குள்ளே ஒன்றும் இராது" என்றாள். திகதிகளையும் சொன்னாள். டயரியில் நேரம் மட்டும் எழுதியிருந்த நாட்கள். அந்த நாட்களில் இரட்டை வேலை என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

இப்போது எடுக்கிற படம் ஐரிஷ்காரர்களைப் பற்றியது. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழு. லண்டனில் ரோடு வெட்ட வந்த ஒருவன், ஒரு பழைய வீட்டில் அறை எடுத்து இருக்கிறான். அதே வீட்டின் மாடி அறையில் ஒரு இந்தியர். கதையில் அவர் படியில் ஒரு தடவை இறங்கிப் போவதோடு சரி. ஆனால் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் குணம் இயக்குநரிடம் ஒன்று சொல்லியிருக்கிறார்: இந்த ஊருக்கு வந்த புதிதில் தானும் தம்பியும் ஒரே அறையில் இருந்ததாகவும், இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு குளிர்க்கோட்டு இருந்ததாகவும். ஒருவர் இரவு வேலை முடித்து வந்து கழற்ற, மற்றவர் அந்தச் சூட்டோடு போட்டுக்கொண்டு பகல் வேலைக்குப் போவாராம்.

இயக்குநர் டெக்லன் அன்றே கதையை மாற்றிவிட்டார். படத்தில் ஐரிஷ்காரனும் மாடி அறைக்காரரும் ஒரே கட்டிலில், ஒரே கோட்டில், இரவும் பகலுமாக மாறி மாறி இருக்கிறார்கள்.

எனக்கு அந்தக் கோட்டைப் பற்றித் தெரியாது. நான் இரண்டாயிரத்து ஒன்றில்தான் வந்தேன்.

நூலா ஒரு தாள் காட்டினாள், அன்றன்றைக்கு யார் வர வேண்டும் என்ற விபரம். அதில் குணத்தின் பெயருக்கு எதிரே 'இந்திய வாடகைக்காரர்'. அவர் இந்தியர் இல்லை, இந்தியாவில் கால் வைத்ததே இல்லை என்றேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என் அப்பா நாற்பது வருடம் இந்த நகரத்தில் ரோடு வெட்டினார்" என்றாள். "இங்கே எடுத்த படங்களில் ஒருநாளும் அவரை நான் காணவில்லை. எங்கள் ஆள் என்றால் குடித்திருப்பான், இல்லாவிட்டால் குண்டு வைத்திருப்பான்."

"எங்கள் ஆள் என்றால் கடை வைத்திருப்பான்" என்றேன். பிறகு, "குண்டும்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வந்தாள். ஒரு காட்சி பாக்கி. மாடி அறைக்காரர் பெட்டியோடு வீட்டை விட்டுத் தெருவில் நடந்து போக வேண்டும். அது இல்லாவிட்டால் அவர் எங்கே போனார் என்று பார்க்கிறவர்களுக்கு விளங்காது. தயாரிப்பாளர்கள், அந்த ஆளையே முழுதாக வெட்டிவிடுங்கள், பழைய கதைப்படி படியில் இறங்குவது மட்டும் இருக்கட்டும் என்கிறார்களாம். டெக்லனுக்கு விருப்பமில்லை. முதுகுப் பக்கமாக எடுக்கலாம். உயரமும் தோளும் ஒத்த ஒருவர் வேண்டும்.

"தம்பி தன்னைப்போலவே இருப்பார் என்று குணா சொல்லியிருக்கிறார்" என்றாள்.

பாண் நன்றாக இருந்தது. வெண்ணெய் போடாமல் நின்றபடியே சாப்பிட்டேன்.

மார்ச் 15, புதன்

ஞாயிறு பின்னேரங்களில் குணம் தொலைக்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம் பார்ப்பார். போர்க்கப்பல், தேத்தண்ணி, மீசை வைத்த அதிகாரிகள். நித்திரை கொள்கிறார் என்று நான் சத்தத்தைக் குறைப்பேன். கண்ணைத் திறக்காமல் சொல்வார், "குறைக்காதையும். எங்கட ஆக்கள் ஆரும் வருகினமோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

"கண்ணை மூடிக்கொண்டோ?"

"வந்தாக் குரலிலை தெரியும்."

மார்ச் 19, ஞாயிறு

எழுதித்தான் பார்க்கிறேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் என் தம்பி குகன் இங்கே தடுப்பில் இருந்தான். வந்து ஒரு வருடம், அகதி வழக்குத் தோற்றுவிட்டது. பிணையில் எடுக்க இரண்டு பேர் நிற்க வேண்டும். குணம் ஒருவர். மற்றது அவருடைய தம்பி நேசன் என்று முடிவு. வியாழக்கிழமை விசாரணை. அடுத்த செவ்வாய் நேசனுக்கு நகரசபையில் குடியுரிமை வைபவம். மகாராணியின் படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்து பத்திரம் வாங்குகிற நாள்.

புதன் பின்னேரம் நேசன் போன் எடுத்தார். "அண்ணி, எனக்குப் பயமாக் கிடக்கு. இந்த நேரத்திலை என்ரை பேர் அதிலை வந்தா என்னையும் தோண்டத் தொடங்கிடுவாங்கள்."

வியாழன் அவர் வரவில்லை. பிணை கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் குகனை விமானத்தில் ஏற்றினார்கள். இறங்கிய இடத்தில் பிடித்தார்கள். பதினான்கு மாதம். இப்போது வவுனியாவில் இருக்கிறான். வலது கையால் கோப்பை பிடிக்க மாட்டான்.

குணம் மூன்று மாதம் கோபமாக இருந்தார். பிறகு ஒரு நாள், "அவனும் பயந்தவன்தானே, பாமினி" என்றார். அப்படியானால் அவனோடே போய் இருங்கோ என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

ஆகவே அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை.

மார்ச் 20, திங்கள்

மீன் வரவில்லை. கோழி.

மார்ச் 22, புதன்

நேசனுக்குப் போன் எடுத்தேன். இலக்கம் என்னிடம் இருந்தது. எப்படி இருந்தது என்று எழுதத் தேவையில்லை.

"ஹலோ."

"நான் பாமினி."

பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார்.

"அண்ணி."

"ஒரு விசயம் கேக்க வேணும்."

"சொல்லுங்கோ."

சொன்னேன்.

"அண்ணை படத்திலை நடிச்சவரோ?" என்றார். நான் சுவரில் இருக்கும் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம். இப்ப ஒரு காட்சி மிச்சம். அது இல்லாட்டி எல்லாத்தையும் வெட்டிப்போடுவினமாம்."

"எனக்கு நடிக்கத் தெரியாது, அண்ணி."

"நடிக்கத் தேவையில்லை. முதுகுதான் தெரியும். நடந்து போனாச் சரி."

"எப்ப?"

"ஏப்ரல் நாலாம் திகதி. செவ்வாய்."

"லீவு போடுறன்."

வேறொன்றும் கேட்கவில்லை. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

ஏப்ரல் 4, செவ்வாய்

பள்ளிக்கூட விடுமுறை. காலை ஏழு மணிக்கு நூலா கார் அனுப்பினாள். ஆற்றுக்குத் தெற்கே ஒரு தெரு. இரண்டு பக்கமும் வீடுகளின் கதவுகளுக்குக் கறுப்பு மை அடித்து, நம்பர் தட்டுகளை மாற்றியிருந்தார்கள். தெருவின் அடுத்த முனையில் ஒரு வளைவு. அதற்கு அந்தப் பக்கம் இன்றைய லண்டன், பஸ் சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் ஐம்பத்தேழு.

நேசன் எனக்கு முன்னரே வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. அதைக் கறுப்பாக்க ஒரு பெண் பூசிக்கொண்டிருந்தாள். குணத்துக்குத் தைத்த உடுப்பு அவருக்கு அளவாக இருந்தது. வயிற்றுப் பக்கம் மட்டும் ஊசி குத்தினார்கள். நான் தூரத்தில் கதிரையில் இருந்தேன்.

முதல் தடவை அவர் மிக வேகமாக நடந்தார். இரண்டாவது தடவை பெட்டி முழங்காலில் இடித்தது. மூன்றாவது தடவை கமராவைத் திரும்பிப் பார்த்துவிட்டார். ஐந்தாவதோடு டெக்லன் வந்தார். சின்ன மனிதர், குளிருக்கு இரண்டு தொப்பி போட்டிருந்தார். "உன் அண்ணன் நடந்த மாதிரி நட, போதும்" என்றார் மெதுவாக.

பத்து நிமிட இடைவேளை. நேசன் என்னிடம் வந்தார்.

"எனக்கு மறந்து போச்சு, அண்ணி. அவர் எப்பிடி நடக்கிறவரெண்டு."

"இடது தோள் கொஞ்சம் பதிஞ்சிருக்கும். அவசரமெண்டாலும் அவசரப்பட மாட்டார்."

"ம்."

தேத்தண்ணியைக் கொடுத்தார்கள். கடதாசிக் கோப்பையைக் கமராவில் படாமல் பிடிக்கச் சொன்னார்கள்.

"ஒண்டு கேக்கலாமோ?" என்றார்.

"கேளுங்கோ."

"ஒவ்வொரு வருசப் பிறப்புக்கும் நான் வீட்டு போனுக்கு அடிச்சனான். நீங்கள்தான் எடுப்பியள். அவருக்குக் கதைக்க விருப்பமில்லையெண்டு சொல்லுவியள். பதினொரு வருசம். ஒருக்காக்கூட மனம் இளகேல்லையோ அவருக்கு? அவ்வளவு கோவமோ?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதை நம்பி, அந்தத் துக்கத்தோடு நடந்திருப்பார். படத்துக்கும் அது போதும்.

"அவருக்குத் தெரியாது" என்றேன்.

"என்ன தெரியாது?"

"நீங்கள் அடிச்சது. நான் சொல்லேல்லை."

அவர் என்னைப் பார்த்தார். கோப்பையைத் தரையில் வைத்தார். அதற்குள் நூலா வந்து, வெளிச்சம் போகப் போகிறது, தயவுசெய்து, என்றாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவடிக்குப் போனார்.

ஆறாவது தடவை. கதவு திறந்தது. அவர் மூன்று படி இறங்கினார். தெருவில் நடந்தார். இடது தோள் பதிந்திருந்தது. அவசரமில்லை. என் குணம் பெற்றோல் ஸ்டேசனுக்குப் போவது போலவே இருந்தது. நான் வாயைப் பொத்தவில்லை, ஒன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுண்ணாம்பால் போட்ட கோட்டில் நிற்க வேண்டும். அவர் நிற்கவில்லை. டெக்லன் "கட்" என்றார். அவர் நடந்துகொண்டேயிருந்தார். "கட், கட்" என்று இன்னொருவர் கத்தினார். வளைவில் திரும்பி மறைந்துவிட்டார்.

"அதுதான்" என்றார் டெக்லன் தனக்குள். "அதுவேதான்."

நூலா ஓடினாள். நானும் வளைவு வரைக்கும் போனேன். அந்தப் பக்கம் பஸ் தரிப்பில், ஐம்பத்தேழாம் வருடத்து உடுப்போடு, மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு நேசன் இருந்தார். பக்கத்தில் இரண்டு பெட்டைகள் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூலா அவருக்கு முன்னால் குந்தியிருந்து என்னவோ சொன்னாள். நான் கிட்டப் போகவில்லை.

உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரயிலில் போய்விட்டாராம். அவருடைய மதியச் சாப்பாட்டுப் பெட்டியையும் என்னிடமே தந்தார்கள். பருப்பும் மீனும். வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டினேன்.

ஏப்ரல் 5, புதன்

குளிர்சாதனப் பெட்டியைச் சுத்தம் செய்தேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

வருடப் பிறப்பு. போன் அடிக்கவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

குகனுக்குப் போன் எடுத்தேன். மனைவி பேசினாள். அவன் தோட்டத்துக்குப் போய்விட்டான் என்றாள். அங்கே இரவு ஒன்பது மணி.

ஓகஸ்ட் 2, புதன்

குணத்தின் சேர்ட்டுகளை மடித்து, பையில் போட்டு, கொடை கொடுக்கிற கடைக்குக் கொண்டு போனேன். அங்கேயிருந்த பெண் சோதித்துப் பார்த்து, கொலர் நைந்தவற்றைத் திருப்பித் தந்தாள். பத்தொன்பதில் பதினொன்று திரும்பி வந்தது.

ஒக்டோபர் 20, வெள்ளி

நூலாவிடமிருந்து கடிதம். படம் முடிந்துவிட்டது. நடித்தவர்கள், வேலை செய்தவர்கள், அவர்களுடைய குடும்பங்கள், அயலில் உள்ள ஐரிஷ் முதியவர்கள், இவர்களுக்காக நவம்பர் பதினெட்டாம் திகதி மதியம் ஒரு காட்சி. குணத்தின் பங்குக்கு இரண்டு நுழைவுச்சீட்டு. பெயர்ப்பட்டியலையும் அனுப்பியிருந்தாள், பிழை இருந்தால் சொல்லச் சொல்லி. அவருடைய முழுப் பெயர் சரியாக இருந்தது. எதிரே 'மாடி அறைக்காரர்'. நான் சொன்னதற்குப் பிறகு டெக்லன் எல்லாருடைய நாட்டையும் எடுத்துவிட்டாராம், ஐரிஷ்காரனுடையதையும்.

இரண்டு சீட்டில் ஒன்றை உறையில் போட்டு நேசனின் விலாசத்தை எழுதினேன். உள்ளே ஒரு வரி எழுத முயன்றேன். வரவில்லை. சீட்டை மட்டும் அனுப்பினேன்.

நவம்பர் 18, சனி

வட லண்டனில் ஐரிஷ்காரருடைய மண்டபம். மடிப்புக் கதிரைகள், பின்னால் தேத்தண்ணி, வெண்ணெய் பூசிய கேக். முக்கால்வாசிப் பேர் முதியவர்கள். பலருக்கு ரோடு வெட்டிய கைகள்.

நேசன் வந்தார். தலை பழையபடி நரை. என் பக்கத்துக் கதிரைதான் அவருடைய சீட்டில் இருந்தது. ஒன்றைத் தள்ளி அதற்கு அடுத்ததில் இருந்தார். நடுக் கதிரையில் இரண்டு பேரின் கோட்டுகளும் கிடந்தன.

படத்தைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. மழை நிறையப் பெய்கிறது. குணம் இருபது நிமிடத்துக்குப் பிறகு வந்தார். படியில் இறங்கினார், ஐரிஷ்காரனுக்கு வழி விட்டார். மண்டபத்தில் யாரோ இருமினார்கள்.

பிறகு அந்தக் காட்சி. ஐரிஷ்காரன் இரவு வேலை முடித்து விடிய வந்து கோட்டைக் கழற்றி நீட்டுகிறான். அதன் பையில் அவித்த முட்டை ஒன்று, சூடாக. குணம் முட்டையை எடுத்துப் பார்க்கிறார். சிரிக்கிறார். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, பல் தெரிய, தோள் குலுங்கச் சிரிக்கிறார். அப்படி அவர் சிரித்து நான் பதினொரு வருடமாகக் கண்டதில்லை. அதற்கு முன் கண்டிருக்கிறேன். நன்றாகவே நினைவிருக்கிறது.

நேசன் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. "முட்டை நான் வைக்கிறது" என்றார். எனக்குச் சொன்னாரா தனக்கே சொன்னாரா தெரியவில்லை.

கடைசியில் அந்தத் தெரு. முதுகு. பெட்டி. வளைவு வரைக்கும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். ஆள் மறைந்த பிறகும் வெறும் தெரு நெடுநேரம் இருந்தது. எனக்குப் பின்னால் ஒரு கிழவர் மூக்கைச் சிந்தினார். இவ்வளவு பேரும் அந்த ஆள் ஏன் போகிறான் என்று நினைத்து அழுகிறார்களோ. எனக்குக் காரணம் தெரியும். நான்தான்.

வெளிச்சம் போட்டதும் ஒரு ஐரிஷ் முதியவள் வந்தாள். எண்பதுக்கு மேலிருக்கும், மெல்லிய ஆள், கைப்பையை வயிற்றோடு அணைத்திருந்தாள். நேசனின் கையைப் பிடித்தாள்.

"நீங்கள்தானே அந்த மேல்மாடி மனிதர்? எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார். பெயர் கேட்டு வைக்கவில்லை. இவ்வளவு காலமும் அது எனக்குக் குறையாக இருக்கிறது."

நேசன் என் பக்கம் திரும்பினார்.

"அது என் கணவர்" என்றேன். "இவர் அவருடைய தம்பி."

"அப்போ கடைசியில் நடந்து போனது?"

"அது இவர்."

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குணத்தின் முழுப் பெயரையும் கேட்டாள். சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பழகிக்கொண்டு போனாள்.

வெளியே மழை. இருட்டிக்கொண்டு வந்தது. "ஸ்டேசனிலை விடட்டோ, அண்ணி?" என்றார் நேசன். காரில் ஏறினேன். ஸ்டேசன் வந்தது. நான் இறங்கவில்லை. அவரும் ஒன்றும் கேட்காமல் ஓட்டினார்.

பெரிய ரோட்டுக்கு வந்தபோது, "நேசன்" என்றேன்.

"ஓம்."

"நீங்கள் அண்டைக்குப் பிணைக்கு வந்திருந்தாலும் குகனை விட்டிருக்க மாட்டினம். அனுப்பிறதெண்டு முதலே முடிவெடுத்திட்டினமாம். ஆர் வந்து நிண்டாலும் ஒண்டும் நடந்திராதெண்டு லோயர் பிறகு கடிதம் போட்டவர்."

வைப்பர் போய் வந்தது.

"எப்ப வந்த கடிதம்?"

"அந்த வருசம். மார்கழியிலை, நத்தாருக்கு முதல்."

"அண்ணை பாத்தவரோ?"

"இல்லை. நான் ஒருத்தருக்கும் காட்டேல்லை."

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு இருந்தார். பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுச் சுற்றிப் போனது. நான் கதவுப்பிடியில் கை வைத்தேன், இறங்கச் சொல்வார் என்று. கண்ணாடியில் ஆவி பிடித்துவிட்டது. அவர் அதைச் சட்டைக் கையால் துடைத்தார்.

பிறகு காரை எடுத்தார்.

"எந்தப் பக்கம், அண்ணி?"

நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம். அவருக்கு வழி தெரியாது.

"அடுத்த லைட்டிலை இடக்கைப் பக்கம்" என்றேன்.